வெள்ளைப் பாறைக்கு அடுத்த வளைவு

இது இல்லை. இதுவும் இல்லை. இரண்டாவது கியரில் வண்டி முனகிக்கொண்டே இறங்குகிறது, வளைவு வரும்போதெல்லாம் நான் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு நீ இல்லை போ என்று கடந்துவிடுகிறேன், எந்தப் பெண்ணைக் காட்டினாலும் உதட்டைப் பிதுக்கும் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி. கொல்லிமலையில் கொண்டை ஊசி வளைவுக்கா பஞ்சம், எழுபது இருக்கிறது, அதில் ஒன்றே ஒன்று என்னுடையது. மாதக்கணக்கில் கம்ப்யூட்டரில் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், அதன் ஒவ்வொரு கல்லும் தெரியும், தார் எங்கே வெடித்திருக்கிறது என்று தெரியும், வெடித்த இடத்தை அடைத்ததே நான்தான். அப்படிப்பட்டவளுக்கு நேரில் வந்தால் அடையாளம் தெரியவில்லை என்றால் யார் நம்புவார்கள். பொழுது சாய இன்னும் நேரம் இருக்கிறது, ஆனால் வெளிச்சம் அதற்குள் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. பக்கத்து சீட்டில் என் வீட்டுக்காரன் பூபதி வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான். அருவிக்கு இறங்கும் படியில் அவன் கால் பிசகியதால்தான் ஸ்டீயரிங் என் கைக்கு வந்தது. பின் சீட்டில் மகள் ஆதிரை, ஆறு வயசு, தின்று மிச்சம் வைத்த அன்னாசித் துண்டைக் கையில் பிடித்தபடியே தூங்கிவிட்டாள். பின்கண்ணாடியில் ஒரு சிவப்பு வண்டி. அதில் கோகுல்நாத்தும் அவன் பெண்டாட்டியும். மேலே டீக்கடையில் பழக்கமானவர்கள், அங்கிருந்து எங்கள் வாலைப் பிடித்துக்கொண்டே வருகிறார்கள். என் வளைவு வந்ததும் நான் இண்டிகேட்டர் விளக்கைப் போட்டுக் காட்ட வேண்டும். உடனே அவன் என்னை முந்திக்கொண்டு போய், நான் கம்ப்யூட்டரில் செய்த கார் விளம்பரத்தில் போவது போலவே அதில் திரும்புவான், அவள் செல்போனில் படம் எடுப்பாள். அவ்வளவுதான் விஷயம். சரி என்று தலையாட்டியாகிவிட்டது. ஆனால் டீக்கடையை விட்டுக் கிளம்பியதிலிருந்து ஏதோ ஒன்று இடிக்கிறது. சோற்றில் கல் மாதிரி. பல்லில் பட்டுவிட்டது, துப்பலாம் என்று துழாவினால் நாக்குக்கு அகப்படவில்லை.

டீக்கடையில் பூபதி வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்த வம்பே இல்லை. அவனுக்கு அது ஆகாது. நொண்டிக்கொண்டே இறங்கியவன் சிவப்பு வண்டியைப் பார்த்ததும் கால்வலியை மறந்துவிட்டு, "ஏம்புள்ள, உன்ற வண்டி நிக்குது பாரு," என்றான். என் வண்டியாம். எங்கள் வண்டியோ எட்டு வயசுப் பழசு, ஏசி போட்டால் மேடு ஏறாது. அது அப்போதுதான் வாங்கிய வண்டி, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கிய கறை இருந்தது, நம்பர் பலகையில் சந்தனமும் குங்குமமும். பானெட்டில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த பையன் திரும்பிப் பார்த்தான். திருச்செங்கோட்டுக்காரன், வீட்டில் போர்வெல் லாரி ஓடுகிறது, போன மாதம்தான் கல்யாணம். பக்கத்தில் நின்றவள் சுபிக்ஷா, கழுத்தில் தாலிக்கயிறு இன்னும் மஞ்சள் மாறவில்லை. பூபதி நேராகப் போய், "இந்த வண்டி வெளம்பரம் பாத்திருக்கீங்களா? மலையில பனிக்குள்ள ஒரு திருப்பம் திரும்புமே, அது எங்கூட்டுக்காரி பண்ணுனதுங்க," என்றான். பையனுக்குக் கண் விரிந்தது. "அக்கா, நெசமாவே நீங்களா? அந்த வெளம்பரத்தப் பாத்துத்தானுங்க்கா இந்த வண்டியே எடுத்தேன். எங்கப்பா வேற வண்டி சொன்னாருங்க. போன்ல போட்டுக் காட்டி, இந்தத் திருப்பத்தப் பாருங்கப்பான்னு ஒத்தக் கால்ல நின்னு வாங்குனதுங்க." சுபிக்ஷா சிரித்தாள். "எங்க கல்யாண வீடியோவக்கூட இவுரு இத்தன தடவ பாக்கலைங்க்கா. அந்தத் திருப்பம் வந்தா சோபால உக்காந்துட்டே கை ரெண்டும் தானா திரும்புமுங்க." நான் வழக்கம்போலச் சொன்னேன், யாரிடமும் மறைத்ததில்லை, "தம்பி, அதுல வர்ற வண்டி நெஜம் கிடையாது, கம்ப்யூட்டர்ல வரைஞ்சது." அவன் கொஞ்சமும் அசரவில்லை. "தெரியுமுங்க்கா, எல்லாம் கிராபிக்ஸ்தானுங்களே. ஆனா ரோடு நெசந்தானுங்க?"  "ரோடு நெஜம்தான். இங்கேதான் எடுத்தோம்." "எந்த வளைவுங்க்கா?" "இறங்கும்போது ஒரு வெள்ளைப் பாறை வரும். அதைத் தாண்டினதும் வலது பக்கம் பெருசா திரும்பும்." வாயால் சொன்னது போதாதென்று கையை வலப்பக்கம் வீசிக் காட்டினேன், நாட்டியம் ஆடுகிறவள் மாதிரி. பூபதி உடனே ஏற்பாடு செய்துவிட்டான். "நீங்க எங்க பின்னாடியே வாங்க. எடம் வந்ததும் இவ வெளக்குப் போடுவா. நீங்க முந்திக்கிட்டுப் போயி ஜம்முனு ஒரு திருப்பு." அப்போது நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். பெருமையாகவும் இருந்தது, அதைச் சொல்வதில் எனக்கென்ன வெட்கம். தெரு முழுக்க ஓடுகிற வண்டிக்குப் பின்னால் நான் ஒருத்தி இருக்கிறேன் என்று யாராவது எப்போதாவது சொன்னால் இனிக்கத்தானே செய்யும்.

இதுவும் இல்லை. இதில் பக்கச் சுவர் இருக்கிறது, கறுப்பும் வெள்ளையும் பூசியது. என்னுடையதிலும் சுவர் இருந்தது, நான் எடுத்துவிட்டேன். சுவர் இருந்தால் பள்ளத்தாக்கு தெரியாது, பள்ளத்தாக்கு தெரியாவிட்டால் வண்டிக்கு என்ன வீரம் என்றார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று சொல்வார்கள், எங்களுக்கு அதுதான் தொழில், அதற்குச் சம்பளமும் உண்டு. நாங்கள் படம் எடுக்க வந்தபோது அந்த வண்டி பிறக்கவே இல்லை. தொழிற்சாலையில் தகடு அழுத்துகிற அச்சுகூடத் தயாராகவில்லை, கம்பெனியிலிருந்து வெறும் அளவுகள்தான் வந்தன, கதவு இவ்வளவு, கண்ணாடி இவ்வளவு என்று. கருவிலிருக்கும் பிள்ளைக்குக் கல்யாண போட்டோ எடுப்பது மாதிரி. ஆளில்லாத சாலையைப் படம் எடுத்தோம். பிறகு வண்டி நிற்க வேண்டிய இடத்தில் கேமராவை நிறுத்தி நாலாபுறமும், மேலும் கீழும், சுற்றிச் சுற்றி எடுத்தோம். வண்டியின் மினுக்கல் அதிலிருந்துதான் வரும், வானமும் மரமும் கதவில் தெரிந்தால்தான் இது இரும்பு என்று கண் நம்பும். சாலிகிராமத்து ஸ்டுடியோவில் ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து இந்த வெயிலையும் இந்த மலையையும் அந்தக் கதவில் பூசினேன். பனியும் நான் வைத்ததுதான். படம் எடுத்த அன்று பளிச்சென்று வெயில். பனி வேண்டும் என்றார்கள், வைத்தேன், வண்டி வர வர அது திரைச்சீலை மாதிரி இரண்டாகப் பிரிந்து வழிவிடும். அதற்கு மட்டும் பத்து விதம் செய்து காட்டினேன். என் பனி மரியாதை தெரிந்த பனி.

இந்தப் பனிக்கு அந்த மரியாதை இல்லை. வளைவு திரும்பியதும் சுவர் மாதிரி நிற்கிறது. நெற்றியில் முட்டுகிறது, உள்ளே போனால் பின்னாலும் மூடிக்கொள்கிறது. முன்விளக்கைப் போட்டேன், அது பாலில் விழுந்து அங்கேயே கிடக்கிறது. சாலையில் எனக்குத் தெரிவது பானெட்டும் அதற்கு முன்னால் கொஞ்சம் ஈரத் தாரும். கீழேயிருந்து ஹாரன். பஸ். எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை, எல்லாப் பக்கமிருந்தும் வருகிறது, நான் மலையோரம் ஒட்டி நிறுத்தாத குறையாக ஊர்கிறேன், திடீரென்று மஞ்சள் விளக்கு இரண்டு, பெரிய தகரச் சுவர் ஒன்று ஜன்னலை உரசுகிறாற்போல் ஏறிப் போகிறது, டீசல் நாற்றம், போய்விட்டது.  பின்கண்ணாடியில் சிவப்பு வண்டி இருக்கிறதா. இருக்கிறது. விளக்கை ஒருமுறை அணைத்துப் போட்டுக் காட்டுகிறான், சந்தோஷமாம். அவனுக்கு இந்தப் பனி வரம். விளம்பரத்தில் இருப்பது அப்படியே வந்துவிட்டது அல்லவா. சுபிக்ஷாவிடம் போனை எடு, ரெடியாக வை என்று சொல்லிக்கொண்டிருப்பான்.  இந்த மலையில் ஒரு பதுமை இருந்ததாம், யாரோ செய்து வைத்தது, வருகிறவனைப் பார்த்துச் சிரிக்குமாம், அந்தச் சிரிப்பில் மயங்கிப் பக்கத்தில் போனால் ஆள் காலியாம். காலையில் மேலே ஏறும்போது பூபதி ஆதிரைக்கு அதைச் சொன்னான். "யாருப்பா அத செஞ்சது?" என்று அவள் கேட்டாள். அவனுக்குத் தெரியவில்லை. "அம்மா மாதிரி யாராச்சும் செஞ்சிருப்பாங்க," என்று கேலி செய்தான், நானும் அவன் தொடையில் அடித்துவிட்டுச் சிரித்தேன். இப்போது அது ஏன் ஞாபகத்துக்கு வருகிறது. மடியில் கனமிருந்தால் வழியில் பயம். என் மடியில் என்ன கனம். நான் என்ன தப்பாகச் சொன்னேன்.

டீக்கடைக்குத் திரும்பிப் போகிறேன், அங்கேதான் எங்கேயோ இருக்கிறது அந்தக் கல். அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது நான் அந்த வண்டியைத் தொட்டுப் பார்த்தேன். அத்தனை மாதம் பழகியும் தொட்டதில்லை. கதவின் மடிப்பு எங்கே ஆரம்பித்து எங்கே முடியும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், ஆனால் அது சூடாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. வெயிலில் நின்ற மாட்டின் விலா போல இருந்தது. சக்கரத்துக்கு மேலே செம்மண் தெறித்திருந்தது, என் வண்டியில் மண்ணே படாது. கதவில் என் முகம் தெரிந்தது. அதுவும் புதுசு, என் கதவில் எல்லாம் தெரியும், நான் தெரிய மாட்டேன். என் முகத்துக்குப் பின்னால் கடை தெரிந்தது, வாழைத்தார், பாய்லர், மேலே பலகை. பலகையில் ராணி டீ ஸ்டால். ஆனால் கதவில் எழுத்தெல்லாம் திரும்பி இருந்தது, கடைசி எழுத்து முதலில், துணைக்காலெல்லாம் பக்கம் மாறி. ஆம்புலன்ஸ் நெற்றியில் எழுதியிருப்பது மாதிரி. அங்கேதான் இடித்தது. ஆமாம், அங்கேதான். கண்ணாடியில் எழுத்து திரும்பித்தான் தெரியும், இதில் என்ன அதிசயம், பச்சைப் பிள்ளைக்கும் தெரியும், இருந்தாலும் நான் ஒரு நிமிஷம் நின்று, இது சரியில்லையே, இந்த வண்டியின் கதவில் எழுத்து நேராக அல்லவா தெரியும் என்று நினைத்தேன். பிறகு பூபதி "டீ ஆறுது புள்ள" என்று கூப்பிட்டான், போய்விட்டேன். ஏன் அப்படி நினைத்தேன். என் வண்டிக் கதவில் எழுத்தே கிடையாதே. நான்தான் எல்லாப் பலகையையும் அழித்தேனே. மெதுவாகச் செல்லவும், அழித்தேன். ஒலி எழுப்பவும், அழித்தேன். வளைவின் நம்பர் எழுதிய பலகை, அதையும். அதனால்தான் இன்று எத்தனையாவது வளைவு என்று தெரியாமல் தடவிக்கொண்டு போகிறேன், சொந்தச் செலவில் சூனியம்.

பிறகு அந்தப் பையன். அவனை நினைக்க வேண்டாம் என்றுதான் இவ்வளவு நேரம் சுற்றிச் சுற்றி வந்தேன் போலிருக்கிறது. கோகுல்நாத் இல்லை, வேறொரு பையன், பெயர் தெரியாது, தெரியும், அழித்துவிட்டேன். நாங்கள் படம் எடுக்க வந்தபோது என் வளைவில் ஒரு மரத்தில் பிளெக்ஸ் பேனர் கட்டியிருந்தார்கள். கண்ணீர் அஞ்சலி. கூலிங் கிளாஸை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, கழுத்துப் பட்டன் போடாமல், செத்துப்போன எல்லாப் பையன்களும் பேனரில் சிரிப்பதுபோலச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்த இடத்தில்தான் பைக்கோடு போனான் என்று எங்களுக்கு டீ கொண்டுவந்தவர் சொன்னார். "பாறை வரைக்கும் சரியாத்தான் வந்திருக்கான். அப்பறம் ரோடு ஒரு பக்கம் திரும்புச்சு, இவன் ஒரு பக்கம் போயிட்டான்." படத்தில் அவனை அழிப்பது என் வேலை. எப்போதும் கண்ணைத்தான் முதலில் அழிப்பேன், பார்த்துக்கொண்டே இருந்தால் கை ஓடாது. கண், பிறகு சிரிப்பு, பிறகு பெயர், பிறந்த தேதி, போன தேதி, கண்ணீருடன் நண்பர்கள் என்று கீழே வரிசையாகக் கிடந்த முகங்கள். அந்த இடத்தில் பக்கத்திலிருந்த இலைகளை எடுத்து ஒட்டினேன். நல்ல பச்சை. சாலைப் படத்தில் அழித்தேனே தவிர, சுற்றி எடுத்த படத்தில் அழிக்க மறந்துவிட்டேன், கதவுக்கு மினுக்கல் கொடுக்கிற அந்தப் படத்தில். இந்தத் தொழிலில் எல்லோரும் ஒருமுறையாவது செய்கிற தப்பு. சாலையில் இல்லாதவன் கதவில் வந்தான். கம்பெனிக்காரர்கள் மும்பையிலிருந்து பார்த்தார்கள், வீடியோ மீட்டிங், வண்டி திரும்பும்போது ஒரு பெண் நிறுத்தச் சொன்னாள். கதவில் யாரோ நிற்கிறார்களே, என்றாள். பெரிதாக்கினேன். அவன்தான். பின் கதவில் நீளமாக இழுபட்டு, கன்னம் ஒரு பக்கம் வழிந்து, சிரித்தபடி.  அதில் ஏதோ எழுதியிருக்கிறதே, என்ன அது, என்று அவள் கேட்டாள், தமிழ் தெரியாதவள். நான் கதவைப் பார்த்து வாசித்துச் சொன்னேன். கண்ணீர் அஞ்சலி.

வாசித்தேன்.

கதவைப் பார்த்து வாசித்தேன். தடங்கல் இல்லாமல், திக்காமல், பஸ்ஸின் போர்டைப் படிப்பது போல நேராக வாசித்தேன். கண்ணாடியில் தெரிகிற எழுத்தை எப்படி நேராக வாசிக்க முடியும். ராணி டீ ஸ்டாலை என்னால் வாசிக்க முடியவில்லையே. கதவில் நேராகத் தெரிந்தது என்றால் படத்தில் தலைகீழாக, இல்லை, தலைகீழாக இல்லை, இடவலமாக மாறி இருந்திருக்க வேண்டும். படம் மாறியிருந்தது. படத்தைத் திருப்பிப் போட்டிருந்தோம். ஐயோ. திருப்பித்தான் போட்டோம். முதல் வாரத்திலேயே, நான் எதையும் தொடுவதற்கு முன்பே டைரக்டர் சொன்னார், வண்டி வலமிருந்து இடமாகப் போனால் பின்வாங்குகிற மாதிரி இருக்கும்மா, நாம எழுதுற திசையில போனாத்தான் முன்னேற்றம், மொத்தமாத் திருப்பிடு, என்று. ஒரே ஒரு அழுத்தல். மலை அந்தப் பக்கம் போனது, பள்ளம் இந்தப் பக்கம் வந்தது. பலகைகளை அழிக்கச் சொன்னதே அதற்குத்தான், எழுத்து திரும்பிவிட்டால் குட்டு உடைந்துவிடும். மலைக்கு இடம் வலம் தெரியாது, மரத்துக்குத் தெரியாது, எழுத்துக்கு மட்டும்தான் தெரியும், எழுத்தை எடுத்துவிட்டால் கேட்க நாதியில்லை. அதற்குப் பிறகு அத்தனை மாதமும் அந்தத் திருப்பிய மலையில்தான் குடியிருந்தேன். அதுதான் மலை என்று ஆகிவிட்டது. கோகுல்நாத் முன்னால் கையை வீசி வலது பக்கம் என்று சொன்னவள் பொய் சொல்லவில்லை, எனக்கு அது வலது பக்கம்தான். ஆனால் சாலை இடது பக்கம் திரும்புகிறது. பாறையைத் தாண்டியதும் இடது பக்கம், மலையை ஒட்டி. வலப்பக்கத்தில் ஒன்றும் இல்லை. வலப்பக்கத்தில் நான் அழித்த சுவர் இருக்கிறது, முழங்கால் உயரம், அதுவும் ஒரு இடத்தில் உடைந்து கிடந்தது, எனக்கு அது நன்றாகத் தெரியும், அழிக்கும்போது உடைந்த இடத்தில் வேலை குறைவாக இருந்தது.

அவனுக்குச் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்ல. போன் நம்பர் வாங்கவில்லை, வாங்கியிருந்தாலும் இந்த மலையில் போனில் ஒரு கோடு இல்லை. நிறுத்தலாம் என்றால் எங்கே நிறுத்துவது, ஒதுங்க இடமில்லை, பின்னால் ஏதாவது லாரி வந்தால் மூவரையும் சேர்த்து வழித்துக்கொண்டு போய்விடும், மூவரா, ஐவர். பயப்படாதே தாரிணி. யோசி. விளக்கைப் போட வேண்டாம், அவ்வளவுதான். விளக்குப் போட்டால்தானே அவன் முந்துவான். போடாமல் இப்படியே அடிவாரம் வரை கூட்டிக்கொண்டு போய்விடு, கீழே போய் பனியில் தெரியல தம்பி, தவறிப்போச்சு என்று சொல்லு, முகத்தைச் சுளிப்பான், சுளிக்கட்டும், சுபிக்ஷா வீடியோவுக்கு வேறு இடம் பார்த்துக்கொள்வாள். ஆமாம். கையை இண்டிகேட்டர் தண்டுப் பக்கம் கொண்டுபோகாதே. இதுவரை எந்த வளைவிலும் போடவில்லை, இனியும் போடாதே. விளக்கு இல்லை என்றால் அவன் என் பின்னால்தான் வருவான், நான் இடப்பக்கம் திரும்பினால் அவனும் இடப்பக்கம் திரும்புவான், வாத்துக் குஞ்சு மாதிரி வரட்டும். ஆனால் பாறை எங்கே. இறங்கிக்கொண்டே இருக்கிறேன், பாறை எங்கே. ஒருவேளை தாண்டிவிட்டோமோ. தாண்டியிருந்தால் நல்லது. கடவுளே தாண்டியிருக்க வேண்டும். பனிக்குள் ஏதோ வெள்ளையாகத் தெரிகிறது, இல்லை, அது பனிதான். பூபதியை எழுப்பட்டுமா. எழுந்தால் என்ன என்ன என்று ஆயிரம் கேள்வி கேட்பான், பதில் சொல்ல எனக்கு வாய் வராது. வாய்க்குள் அந்தக் கல்தான் இருக்கிறது, இப்போது அகப்பட்டுவிட்டது, துப்பத்தான் ஆள் இல்லை. கண்ணாடியில் சிவப்பு வண்டி மிக அருகில் வந்துவிட்டது. வலப்பக்கம் ஒதுங்கி எட்டிப் பார்க்கிறான். அவனுக்குப் பொறுக்கவில்லை. வேண்டாம் தம்பி. பின்னால் போ. நல்ல பையன் அல்லவா, பின்னால் போ.

பாறை. சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாக, பனியைவிட வெள்ளையாக, ஜன்னலுக்குப் பக்கத்திலேயே, பூபதி தலைக்கு அந்தப் பக்கம் நிற்கிறது, இடப்பக்கம், இவ்வளவு பெரிய பாறை இவ்வளவு பக்கத்தில் எப்படி வந்தது, என் படத்தில் இது வலப்பக்கம் அல்லவா நிற்கும், என்று நினைக்கும்போதே என் கை இரண்டும் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் திருப்புகின்றன. நான் திருப்பவில்லை. சத்தியமாக நான் திருப்பவில்லை, எனக்குத் தெரியும், இப்போதுதானே கண்டுபிடித்தேன், இருந்தும் கை போகிறது, அத்தனை மாதம் அந்தத் திருப்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, இன்னும் கொஞ்சம் ஒயிலாக, இன்னும் கொஞ்சம் மெதுவாக என்று செதுக்கிய கை, அதற்கு வேறு சாலை தெரியாது. பிரேக். முழுக் காலையும் வைத்து மிதிக்கிறேன். டயர் ஈரத்தில் கீச்சென்று கத்தி வண்டி மூக்கை மட்டும் வலப்பக்கம் சாய்த்தபடி நிற்கிறது. முன்னால் பனி. பனிக்குக் கீழே கறுப்பும் வெள்ளையுமாக ஒரு துண்டுச் சுவர், அதற்குப் பக்கத்தில் ஒரு துண்டு இல்லை. ஆதிரை சீட்டிலிருந்து சரிந்து விழுந்து அழுகிறாள். பூபதி பதறி எழுந்து, "என்னாச்சு? ஏம்புள்ள நடுரோட்டுல நிறுத்திட்ட?" என்கிறான்.  வாயைத் திறக்கிறேன், வலது, வலது என்றுதான் வருகிறது. "என்னது வலது? பனியில இப்படி நின்னா பின்னாடி வர்றவன் ஏத்தீருவான், வெளக்கப் போட வேண்டாமா?" என்று அவன் கையை நீட்டுகிறான். நல்ல மனுஷன், எப்போதும் பத்திரம் பார்க்கிறவன், பெண்டாட்டி பிள்ளைக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று சிவப்பு முக்கோணம் போட்ட அந்தப் பட்டனை அழுத்துகிறான். டிக், டிக், டிக், டிக். நாலு மூலையிலும் விளக்கு மின்னுகிறது. வலப்பக்கம் ஒதுங்கி வந்துகொண்டிருப்பவன் கண்ணில் வலப்பக்க விளக்குதான் படும்.

நான் பட்டனை அடித்து அணைப்பதற்குள் சிவப்பு வண்டி பக்கத்தில் வந்துவிட்டது. கதவு என் ஜன்னலைத் தாண்டிப் போகிறது, மெதுவாக, பளபளவென்று, அதில் என் முகம் நீளமாக இழுபட்டு வாயைத் திறந்தபடி போகிறது. உள்ளே சுபிக்ஷா இரண்டு கையாலும் போனைப் பிடித்திருக்கிறாள். அவன் ஜன்னலுக்கு வெளியே கையை விட்டு எனக்கு நன்றி சொல்லி ஆட்டுகிறான். நான் ஹாரனை அழுத்துகிறேன், உள்ளங்கையால், முழங்கையால், நெஞ்சை வைத்து அழுத்துகிறேன், மலை முழுக்க அலறுகிறது. அவனும் இரண்டு முறை ஹாரன் அடிக்கிறான், சரிங்க்கா, பாத்துட்டேனுங்க்கா என்பது மாதிரி. வண்டி வர வரப் பனி இரண்டாகப் பிரிந்து வழிவிடுகிறது. "அம்மா, உன் விளம்பரம்!" என்று ஆதிரை அழுகையை நிறுத்திவிட்டுக் கத்துகிறாள். பின்விளக்குகள் இரண்டும், ஒரு குலுக்கல் இல்லாமல், ஒரு தயக்கம் இல்லாமல், நான் செதுக்கிய அதே ஒயிலோடு வலப்பக்கம் திரும்புகின்றன. பாறை எனக்கு இடப்பக்கம் நிற்கிறது. சாலையும் இடப்பக்கம்தான் போகிறது.